விலை தெரிந்ததும் புளித்த ஒயின்

கும்பகோணத்தில் என் மைத்துனர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஒயின் ரசிகர்கள் கூடுவார்கள். மைத்துனர், ஒரு டாக்டர், ஒரு ரைஸ் மில் முதலாளி என்று மூன்றே பேர். குடிப்பதைவிடப் பீற்றிக்கொள்வதுதான் அதிகம். ஒருமுறை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்று மைத்துனரின் மகள் பாரிஸிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தார்கள். டாக்டர் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ஒரு ஆழம் பாருங்க! பரம்பரைத் தோட்டத்துச் சரக்குங்க இது."

"நம்ம ஊர்ல கிடைக்கிறதெல்லாம் இதுக்கு முன்னாடி கழுநீர்," என்றார் மில்காரர்.

முறுக்குத் தட்டோடு வந்த மகள் சிரித்துவிட்டாள். "அப்பா கேட்டது கிடைக்கல அங்கிள். இது எங்க தெரு சூப்பர் மார்க்கெட்ல இருக்கிறதிலேயே மலிவு. நான் சமையலுக்கு ஊத்துறது."

பிறகு டாக்டர் இன்னொரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"முதல்லயே ஒரு புளிப்பு தட்டுச்சு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சொல்லல."

மில்காரர் வேகமாகத் தலையாட்டி, கிளாஸைத் தள்ளி வைத்தார். மைத்துனர், ஒயினைக் கெடுத்ததே மகள்தான் என்பதுபோல அவளை முறைத்தார்.

எனக்கு அது நன்றாகவே இருந்தது. பாட்டிலை என் பக்கம் இழுத்தேன்.

"உங்களுக்கு நாக்கே கிடையாது மாப்ள," என்றார் மைத்துனர்.

அவர்களுக்கு இருந்ததும் நாக்கு இல்லை, விலைச்சீட்டு படிக்கும் கண்தான். மகள் இன்னொரு கிளாஸை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.