மத்தியானம் உறங்கியவள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பாறசாலையை அடுத்த எங்கள் ஊரில் ஓணத்துக்குப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி உண்டு, வடம்வலி என்போம். எங்கள் அணியில் கடைசி ஆள் நான். வடத்தின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிற இடம் அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையல் மெஷினே கதியென்று கிடந்த என்னை, ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டியது அந்த இடத்தில் நின்றபோதுதான்.

அந்த வருஷம் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். நாலு வீடு தள்ளி மருமகளாக வந்தவள், விடியுமுன்னே எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவள், என்னைவிட இளையவள். மைதானத்து அயனி மரத்தில் கப்பி மாட்டி, அதன் வழியாக வடத்தைப் போட்டு, மணல் நிரப்பிய டிரம்மைத் தூக்குவதுதான் பயிற்சி. நான் இழுத்தால் டிரம் இடுப்பு உயரத்தில் நின்றுவிடும். எத்தனை நாள் இழுத்தாலும் அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறாது. அவள் இழுத்தால் வாரத்துக்கு வாரம் ஏறி, தலைக்கு மேலே போய் ஆடியது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் ஒரு கயிறு கட்டினேன். காலையும் மாலையும் யாருக்கும் தெரியாமல் இழுத்தேன். டிரம் ஏறவில்லை, முன்பைவிட இறங்கியது. ஊசியில் நூல் கோக்கவிடாமல் கை நடுங்கியது. படுத்தால் நெஞ்சு படபடத்தது. இதய நோயோ என்று பயந்து நெய்யாற்றின்கரைக்குப் போய் ஈசிஜி எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஏன் படபடக்கிறது என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

அவளும் ரகசியமாக ஏதோ செய்கிறாள் என்று தோன்றியது. தைத்த பிளவுஸ் ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பாயில் வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தாள்.

"வெட்டு முடிஞ்சு வந்தா இந்த உறக்கம் ஆக்கும். இடி விழுந்தாலும் எழும்ப மாட்டா" என்றார் மாமியார்.

என்னை ஏமாற்ற நடிக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் மைதானத்தில் என் கையைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "எக்கா, கை நடுங்குதே. ரெண்டு நாளு வராம கெடந்து உறங்குங்க."

"நான் உறங்குனா கடைசியில நீ நிக்கலாம், இல்லியா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அன்றைக்கு வெறிபிடித்த மாதிரி இழுத்தேன். பாதியில் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. வடம் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓட, டிரம் தடாலென்று விழுந்தது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை.

எங்களுக்குப் பயிற்சி தந்த ஆட்டோக்கார அண்ணன் ஓடி வந்தார். "கைய காட்டு. வீட்டில வச்சும் இழுக்குதியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? இனி டிரம்முக்குப் பதிலா ஒன்ன ஆக்கும் கெட்டித் தூக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் தன் துண்டைக் கிழித்து என் கையில் கட்டினாள். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டிக்கு முந்தின வாரம் வரை மைதானத்துப் பக்கம் வரக்கூடாது என்றுவிட்டார் அண்ணன். உரிந்த கையோடு பலாமரத்துக் கயிற்றையும் தொட முடியாமல் வீட்டில் கிடந்து, அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வெந்தேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் திரும்பிப் போய் வடத்தைப் பிடித்த அன்று, அத்தனை நாள் அசையாமல் நின்ற இடுப்பைத் தாண்டி டிரம் நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. என்னால் நம்ப முடியவில்லை.

கடைசி இடம் மட்டும் அவளுக்குப் போயிருந்தது. அவளுக்கு முன்னால் நின்று இழுத்தேன். ஜெயித்தோம். பரிசாகக் கிடைத்த வாழைக்குலையை அவள்தான் தோளில் தூக்கினாள், ஊர் அவள் பெயரைத்தான் கூவியது.

கை நடுங்கினால் இப்போதெல்லாம் மெஷினை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறேன். உறக்கம்தான் வருவதில்லை, இதிலும் அவள் என்னை ஜெயித்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டே கிடக்கிறேன்.