புத்தூர் கைமாறிய மாலை

போன கிழமை யாழ்ப்பாணத்துப் பலாலி வீதி பஸ்சில் நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. திருநெல்வேலிச் சந்தையடியில் இறங்கி, இரண்டு பிடி கீரையும் கொஞ்சம் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதாகத்தான் எண்ணம். சந்தை வந்தது, கொண்டக்டர் கத்தினார், சந்தை போனது. நான் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கோண்டாவிலில்தான் நினைவு வந்து இறங்கினேன். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் இருக்க ஒரு மரவாங்கு கிடந்தது. அதில் இருந்துகொண்டு, வாசித்ததையே திரும்பவும் வாசித்தேன்.

வாசித்தது ஒன்றும் மரண அறிவித்தல் அல்ல. ஏ.எல். படிக்கிற என் மகள் அனுப்பிய கட்டுரை. "அப்பா, உங்கடை கேமைப் பற்றி ஆரோ எழுதியிருக்கினம்" என்று ஒரு வரியும் கூட. ஒரு சிறு நகரத்தில் தொடங்கி உலகத்தையே ஆளுகிற கொம்பியூட்டர் விளையாட்டு அது. முறைவைத்து ஆடுவது. உங்கள் வேலைகளையெல்லாம் செய்துவிட்டு 'முறை முடிந்தது' என்று அமத்தினால்தான் மற்றவர் அசையலாம். கம்பஸில் படித்த காலத்தில் எங்கள் அறையில் அதற்கு 'இராச்சியம்' என்று பெயர். இத்தனை வருஷமாக உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறதே, அதற்கு உண்மையில் அந்தத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கட்டுரையின் கேள்வி.

எழுதியவர் இளம் ஆள் போல. அந்தத் தகுதி இல்லை என்கிறார். கொம்பியூட்டர் ஆடுகிற எதிரிகளுக்கு மூளை காணாதாம். உடன்படிக்கை பேசுகிற இடம் சின்னப்பிள்ளை விளையாட்டாம். பிற்பாதி இழுவையாம். இதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். தலையாட்டிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு ஒரு பந்தி. ஒரு நகரத்தில் கோயில், பள்ளிக்கூடம், நூலகம் ஒன்றும் கட்டாமல் வெறும் படையை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால், பக்கத்து நாட்டு நகரம் செழிப்பாக இருந்தால், அந்த நகரத்துச் சனம் ஒருநாள் தாங்களாகவே எழும்பி அடுத்த நாட்டோடு போய்ச் சேர்ந்துவிடும். ஒருவரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, ஒருவரும் களவு செய்யத் தேவையில்லை. புதிதாக விளையாடுகிறவர்கள் இதைக் கண்டு திகைத்துப் போவார்கள் என்று எழுதியிருந்தார்.

திகைத்தவர்களில் நானும் ஒருவன். நான் திகைத்ததோடு விட்டிருந்தால் இதை உங்களுக்கு எழுத வேண்டி வந்திராது.

அந்தக் கடையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் கம்பஸ் காலத்து அறைதான் நினைவுக்கு வரும். சண்டை நின்றிருந்த அந்தச் சில வருஷங்கள். கம்பசுக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் மூன்று பேராக ஒரு அறை எடுத்திருந்தோம். மின்சாரம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. ஆனால் வீட்டுக்காரரிடம் மண்ணெண்ணெயில் ஓடி மின்சாரம் தருகிற ஒரு லைட் மெசின் இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு அவர் அதன் கயிற்றை இழுப்பார். நாலாவது இழுப்பில் அது இருமிக்கொண்டு தொடங்கும். எட்டு மணிக்கு, நீங்கள் உலகத்தையே பிடிக்கப் போகிற தறுவாயில் இருந்தாலும், நிற்பாட்டிவிடுவார். புகை யன்னலால் உள்ளே வரும். நாங்கள் மூன்று பேரும் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் விரிவுரைக்குப் போவோம். அதனால்தான் எங்களுக்குப் பெண் பிள்ளைகளின் சகவாசம் கிடைக்கவில்லை என்று அப்போது நம்பினேன்.

கொம்பியூட்டர் குகனுடையது. நெல்லியடிக்காரன், நல்ல உயரம், சிரித்தால் கண் மூடிவிடும். கொழும்பில் இருந்த மாமா பழசாக வாங்கி அனுப்பியது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் படிப்பு வேலையும் அதில்தான், இராச்சியமும் அதில்தான். ஆகவே ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று சட்டம் போட்டோம். ஒருவன் தன் முறையை முடித்து எழும்ப, மற்றவன் இருப்பான். மெசின் நின்றுவிட்டால் விளையாட்டும் அப்படியே நிற்கும். அடுத்த நாள் ஆறு மணிக்கு உங்கள் குதிரைப்படை விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். பாதை, மின்சாரம், சோதனை முடிவு என்று எல்லாம் எங்களைக் காக்க வைத்த காலத்தில், எங்களுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான். அந்தக் கட்டுரைக்காரருக்கு இது விளங்காது. அவர் வீட்டில் கரண்ட் நின்றிருக்காது.

பத்து நிமிஷம் போதாது என்று எல்லோரும் புறுபுறுத்தோம். ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது, அங்கே இது நடந்தது, இங்கே அது நடந்தது என்று அந்த விளையாட்டு அறிவிப்புக்களை வரிசையாகப் போடும். அமத்தி அமத்திப் போகவே மூன்று நிமிஷம் முடிந்துவிடும். எங்களுக்குள் ஒரு கெட்டிக்காரன் செற்றிங்குக்குள் போய் எல்லா அறிவிப்பையும் ஒரேயடியாக நிற்பாட்டிவிட்டான். மற்ற இருவரும் அவனுக்கு அன்றைக்கு ரோலும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கெட்டிக்காரன் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நகரங்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களைத்தான் வைத்தோம். நான் புத்தூர்க்காரன். ஆகவே என் எல்லை நகரத்துக்குப் புத்தூர் என்று பெயர். பக்கத்திலேயே குகனின் நெல்லியடி. அவன் அங்கே கோயில் கட்டினான், கல்லூரி கட்டினான், சந்தை கட்டினான். நான் புத்தூரில் படைமுகாம் கட்டினேன். பிறகு அதைச் சுற்றி மதில் கட்டினேன். அவன் எந்த நேரமும் அடிப்பான் என்று எனக்குப் பயம். அவன் ஒருநாளும் அடிக்கவில்லை.

குகனின் அப்பா பருத்தித்துறை வீதியில் பஸ் ஓட்டியவர். ஒருநாள் பின்னேரம் பால்மா ரின் நிறைய, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலோடு அறைக்கு வந்தார். என்னைப் பார்த்து, புத்தூரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிட்டவோ சந்திக்குக் கிட்டவோ, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். எங்கள் ஒழுங்கையை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாசலில் மணி அடிக்காமலே நிற்பாட்டுவாராம், ஒரு கிழவர் வெற்றிலைக் கட்டோடு நிற்பாராம் என்றார். பிறகு புழுக்கொடியலைக் கடித்தபடி எனக்குப் பின்னால் நின்று என் இராச்சியத்தைப் பார்த்தார்.

"தம்பி, உம்மடை புத்தூரிலை ஒரு பள்ளிக்கூடமும் இல்லையே. சனம் இருக்குமோ?" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். நான் அந்த முறையும் ஒரு வில்லாளிப் படைதான் எடுத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம், வழக்கம்போல மெசின் தொடங்கியது. முதல் முறை குகனுடையது. என் முறை வந்து நான் இருந்தபோது புத்தூர் பச்சை நிறத்தில் நின்றது. பச்சை குகனின் நிறம். என் படைகள் ஒன்றையும் காணவில்லை. ஒரு சண்டையும் நடக்கவில்லை, ஒரு அறிவிப்பும் இல்லை. "மச்சான், உன்ரை புத்தூர் எங்களிட்டை வந்து நிக்குது. என்னெண்டு தெரியேல்லை" என்று சொல்லிக் குகன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவரவர் முறையைத் திறக்க அவரவருக்கு ஒரு கடவுச்சொல் இருந்தது; என்னுடையது எங்கள் ஊர்ப் பிள்ளையாரின் பெயர். நான் அதைப் போடும்போது அவன் பக்கத்தில் இருந்தவன். நான் இல்லாத நேரம் என் முறையைத் திறந்து, நகரத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான் என்று முடிவெடுத்துவிட்டேன். கேட்டேனா என்றால் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் சண்டை பிடிக்க மாட்டோம். கதைக்காமல் விட்டுவிடுவோம். காரணத்தைச் சொன்னால் கோபத்தின் மரியாதை போய்விடும். வேலி எல்லைக்காக முப்பது வருஷம் கதைக்காமல் இருந்த சகோதரங்களை எனக்குத் தெரியும், ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். அந்தப் பழக்கத்தை நான் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுக்கு எடுத்தேன். ஒரு கிழமையில் அறையை மாறினேன். ஏதும் பிழை விட்டனானோ என்று குகன் இரண்டு தரம் வந்து கேட்டான். ஒன்றுமில்லை, படிக்க வேணும் என்றேன்.

நாலு மாதத்தில் அவனுடைய அப்பா மாரடைப்பில் செத்துப்போனார்.

எங்கள் வகுப்பு முழுவதும் வான் பிடித்து நெல்லியடிக்குப் போனது. திருநெல்வேலியிலிருந்து நெல்லியடிக்குப் போகிற வழியில்தான் புத்தூர். நான் அன்று வீட்டில் நின்றேன் என்று அவர்களுக்குத் தெரியும். ஒழுங்கை முகப்பில் வானை நிற்பாட்டி ஹோர்ன் அடித்தார்கள். நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். அம்மா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"பகையாளி வீடெண்டாலும் செத்தவீட்டுக்குப் போறதுதானே. அந்த மனுசன் உனக்கு என்ன செய்தது?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அம்மா போய் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு வந்தார். வான் போகிற சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் அம்மா என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

பிறகு திரும்பச் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டியது, நாங்கள் சிதறினோம், குகன் கனடாவுக்குப் போனான். வகுப்புக்காரரின் வாட்சப் குழுவில் அவனும் இருக்கிறான், நானும் இருக்கிறேன். பிறந்தநாளுக்குக் கேக் படம் போட்டுக்கொள்வோம்.

கோண்டாவிலில் இருந்து கீரை இல்லாமல் வீட்டுக்குப் போனேன். கட்டுரையை அப்படியே நம்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் தன் மடிக்கணினியில் அந்த விளையாட்டை இறக்கித் தந்தாள். எல்லை நகரம் ஒன்றைக் கட்டிப் புத்தூர் என்று பெயர் வைத்து, முன்பு செய்தது போலவே படையையும் மதிலையும் மட்டும் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட நேரம் திரை நிறைய ஓர் அறிவிப்பு வந்தது. புத்தூர் மக்கள் அண்டை நாட்டின் சிறப்பைக் கண்டு வியந்து, உங்கள் ஆட்சியை விட்டு நீங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இவ்வளவு பெரிய எழுத்தில். இதற்கு முதலும் இரண்டு தரம் எச்சரிக்கை வந்திருந்தது. புத்தூரில் அமைதியில்லை, கோயில் ஒன்று கட்டவும் என்று.

"இவ்வளவு வடிவாச் சொல்லுதே, பிறகேன் அண்டைக்கு உங்களுக்குத் தெரியேல்லை?" என்று மகள் கேட்டாள்.

அறிவிப்பை நிற்பாட்டிய கெட்டிக்காரன் நான்தான். ரோலைத் தின்று பிளேன்ரீ குடித்தது நான்தான். அந்த விளையாட்டுக்கு உலகம் கொடுக்கிற பெயர் தகும் என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். அது ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு பஸ் சாரதி நின்ற நிலையில் ஒருதரம் பார்த்துச் சொன்னதைத்தான் அதுவும் சொல்லியிருக்கிறது.

அன்று பின்னேரம், கனடாவில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, குகனுக்குக் குரற்பதிவு அனுப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். புத்தூர், கடவுச்சொல், வான், காய்ச்சல். மூன்று தரம் அழித்து நாலாம் தரம் அனுப்பியது. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். திட்டினாலும் நல்லது என்று இருந்தது. கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளம் வந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது.

"கேமுக்கோ மச்சான்? அப்பா உன்னட்டை எந்தப் பக்கம், தகப்பன் என்ன செய்யிறார் எண்டு கேட்டவரெல்லே. சாதி பாக்கத்தான் கேட்டவர், அதுதான் நீ விலகினனி எண்டு நினைச்சன். வீட்டை போய் அவரைக் கண்டபடி பேசிப்போட்டன். தான் பஸ் நிப்பாட்டுற இடத்தைத்தான் கேட்டதெண்டு அந்தாள் சத்தியம் பண்ணினது. நான் நம்பேல்லை. சாகுமட்டும் நான் அவரோடை கதைக்கேல்லையடா."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குள் சாதி ஒளிந்திருப்பது உண்மைதான். அவன் அப்படி நினைத்ததில் பிழையில்லை. ஆனால் அந்த மனிதர் என்னிடம் அதைக் கேட்கவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒழுங்கையைச் சொன்னார், வெற்றிலைக் கட்டோடு நின்ற கிழவரைச் சொன்னார். குகன் வந்து என்ன பிழை என்று கேட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ என் நகரத்தைக் களவெடுத்தாய் என்று கேவலமாகவாவது கத்தியிருந்தால், அவர் மகனோடு நாலு மாதம் கதைத்துவிட்டுச் செத்திருப்பார். மகள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நெல்லியடிக்குப் பஸ் ஏறினேன். செத்தவீட்டுக்குப் போக முடியாமல் போனால் பிறகு ஒருநாள் போய்த் துக்கம் விசாரிப்பது வழக்கம். எவ்வளவு காலத்துக்குள் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. புத்தூரில் எங்கள் ஒழுங்கை வாசலில் பஸ் நிற்கவில்லை. அங்கே இப்போது ஒருவரும் நின்று ஏறுவதில்லை. நெல்லியடியில் இறங்கி, கம்பஸ் காலத்தில் ஒருதரம் வந்து சாப்பிட்ட நினைவில் ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன். மூன்றாவது வீடு. வீடு இல்லை. குகனின் தாயும் தங்கையும் கனடாவுக்குப் போகும்போது விற்றிருக்கிறார்கள். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வாகனம் விடுவதற்காக நிலத்தை மட்டப்படுத்திக் கல் பதித்திருந்தார்கள். கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றேன். காவலாளி வந்து, "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் குகனின் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றார்.