கேட் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி

திருவொற்றியூரில் நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டின் கேட் கம்ப்யூட்டரில் நெட் கிடையாது. புதிதாக எந்த சாஃப்ட்வேரையும் ஏற்றவும் கூடாது; கம்பெனி விதி. முன்பு யாரோ போட்டுவைத்த பைதான் என்ற நிரல்மொழி மட்டும் இருந்தது. எனக்கு அது போதாதா?

டிரைவர்கள் சாலையில் வரிசையில் நிற்கும்போதே பெட்டி நம்பரை வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவார்கள். கூடவே காலை வணக்கம், சாமி படம், டீக்கடைச் சண்டை எல்லாம் வரும். கேட்டில் உட்காரும் அக்கா அதிலிருந்து நம்பர்களைப் பொறுக்கி, அச்சிட்டு, செக்யூரிட்டியிடம் கொடுப்பார். தாளில் நம்பர் இருந்தால்தான் வண்டி உள்ளே போகும். குழுவின் உரையாடலை கேபிள் வழியாக இறக்கி, பொறுக்கும் வேலையை நானே எழுதும் ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்டிடம் விடலாமே என்று எனக்குக் கை அரித்தது.

என் லேப்டாப்பில் இருந்த ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு, இதைச் சுலபமாகச் செய்தது. நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம், நடுவில் இடைவெளி வந்தாலும் பரவாயில்லை என்று பெட்டி நம்பரின் வடிவத்தைச் சொல்லும் ரெஜெக்ஸ் அதற்குள் இருந்தது. லைப்ரரியைக் கேட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த ஒரு வரியைக் கொண்டுபோகலாம் அல்லவா? லைப்ரரியிடமே அதை அச்சிடச் சொல்லி, வந்ததை அப்படியே என் ஸ்கிரிப்டில் ஒட்டினேன். வீட்டில் சோதித்தேன், ஓடியது.

மறுநாள் காலை கேட்டில் ஸ்கிரிப்ட் எடுத்துக்கொடுத்த முதல் தாள் செக்யூரிட்டியிடம் போன கொஞ்ச நேரத்தில் ஒரு டிரைலர் டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

“இன்னா நைனா, என் பின்னாடி வந்தவன்லாம் உள்ள போய்க்கினு கீறான்! இங்க சீல் வச்சி மத்தியானத்துக்குள்ள ஆர்பர் போவலன்னா கப்பல்ல ஏத்தமாட்டான். இந்தப் பொட்டிய வூட்டுக்கா எடுத்துகினு போவ சொல்ற?”

“பேப்பர்ல இல்லாத வண்டிய உட்டா என்னதான் வூட்டுக்கு அனுப்புவாங்கண்ணே,” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன் மிஷினு தூங்குதா? நவுரு, நான் கையாலயே அடிக்கிறேன்.”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

அந்த டிரைவர் குழுவில் அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றவை சின்னது, போன் போட்டுக்கொடுத்தபடி. உள்ளே போனவர்கள் எல்லாம் பெட்டியில் பெயின்ட் அடித்திருப்பதுபோலப் பெரிய எழுத்தில் அனுப்பியவர்கள். வீட்டில் நானும் அப்படித்தான் அடித்துச் சோதித்திருந்தேன்.

லைப்ரரி மட்டும் எப்படி இரண்டையும் எடுத்தது? லேப்டாப்பைத் திறந்தேன். பெரிது சிறிது பார்க்காதே என்ற கட்டளை அந்த வரிக்குள் இல்லை. அதை ஃப்ளாக் என்று தனியாக, பக்கத்தில் வைத்திருந்தார்கள். அச்சிட்டபோது வரி மட்டும்தான் வந்திருக்கிறது. ஃப்ளாகையும் வரியின் தலையிலேயே சேர்த்து எழுதி ஓட்டினேன். அவர் நம்பர் வந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த சிலருடையதும் வந்தது. புதுத் தாளை அச்சிட்டு செக்யூரிட்டிக்கு அனுப்பிவிட்டு, டிரைவரிடம் காரணத்தைச் சொன்னேன்.

“அப்போ சின்ன எழுத்து போட்டதுக்கா இவ்ளோ நேரம் நிக்க வச்ச?”

“ஆமாண்ணே.”

“கலீஜ் பண்ணிட்டியே நைனா,” என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு ஓடினார்.

பழைய உரையாடல்களை எல்லாம் இறக்கி ஸ்கிரிப்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அக்கா தன் போனை என் காதருகே நீட்டினார். குழுவில் காலையில் வந்த அந்த டிரைலர் டிரைவரின் குரல்: “பொட்டி ஆர்பர் உள்ள பூட்ச்சி. அந்தத் தம்பிகிட்ட சொல்லிடு.”