வல்லாரைப் பொடி

தென்காசி நூலகத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அகன்ற தோள், ஒட்ட வெட்டிய முடி, சிவந்த கண்கள். போலீஸ் வேலைக்குப் படித்தார். ஓட்டத்தில் அவரை யாரும் முந்த முடியாது. எழுத்துத் தேர்வுதான் மூன்று முறை கைவிட்டிருந்தது.

ஞாபக சக்திக்கென்று குற்றாலத்தில் வாங்கிய வல்லாரைப் பொடி டப்பா எப்போதும் மேசைமேல் இருக்கும். படித்ததைக் கண்மூடிச் சொல்லிப் பார்ப்பார். மூன்றாவது வரியில் திணறியதும் ஒரு சிட்டிகை வாயில் போடுவார்.

ஒருநாள் ஐந்தே நிமிடத்தில் மறுபடி டப்பாவைத் திறந்தார்.

“இப்பத்தான போட்டிய?” என்றேன்.

“போட்டுட்டனா அண்ணாச்சி?” விரலில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாம் கஞ்சா பண்ணுத வேலை. ‘மலையில விளையுத மூலிகைதாம்லே, படிப்பு நல்லா ஏறும்’னுதான் கூட்டாளிக இழுக்கச் சொன்னானுவ. இதையும் அதே மலையில விளைஞ்சதுன்னு சொல்லித்தான் கடைக்காரரு குடுத்தாரு.”

“அந்தக் கருமத்த விட்டுத் தொலைக்கக் கூடாதா?”

“வல்லாரையப் போட்டனா இல்லையான்னுதான் மறந்துபோவுது. சாயங்காலம் ஆனா அத இழுக்கணும்னு ஒருநாளும் மறந்ததில்ல.”

சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். போன வாரமும் அதே பக்கம்தான்.

குற்றாலத்துக் கடைகளில் அந்த டப்பாவைப் பார்த்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.