காய்ச்சல் விட்ட பிறகும் தேடிப் போன எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுக்காக இன்று எங்கள் வீட்டில் கூடியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவை நீங்கள் எல்லோரும் டாக்டராக அறிவீர்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கே வெகுநாள் சரியாகத் தெரியாது. தெரிந்துகொண்ட ஒரு பயணத்தைப் பற்றித்தான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வெள்ளகோவிலில். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழுமாக வளர்ந்தோம். அக்கா பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றி எங்களைக் காப்பாற்றினார். அக்கா மருத்துவம் படித்து, கோவையில் வேலைக்குச் சேர்ந்து, என்னையும் படிக்க வைத்தார். நான் பம்ப்செட் பட்டறை வைத்தபோது முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது அக்காவின் பொறுப்பு. நோயாளி மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு நான்கு வாரம் விடாமல் கூப்பிட்டு, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மருந்துக்குத் தப்பிய கிருமி உடம்பில் ஒளிந்திருந்து மெல்லத் தலைதூக்குமாம்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வடகிழக்கு மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். அவள் பெயரை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, எழுதவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவளுக்குக் கடும் மலேரியா. அக்கா கொடுத்த மருந்தில் சில நாளிலேயே காய்ச்சல் விட்டு, வேலைக்கும் போய்விட்டாள். அக்கா மட்டும் வாரம் தவறாமல் மில்லுக்குப் போனார். மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏனுங்க டாக்டரம்மா, காய்ச்சல்தான் போயிருச்சுங்களே. இன்னும் எதுக்குங்க ரத்தம்?”

“காய்ச்சல் போயிருச்சுங்க. கிருமி போச்சான்னு தெரியோணுமில்லீங்க” என்றார் அக்கா.

கடைசிச் சோதனைக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்ணின் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்து, அவள் ரயிலேறிவிட்டாள். கணக்கில் ஒருத்தி விட்டுப்போனால் என்ன என்று அக்காவுடன் வேலை செய்தவர்கள் கேட்டார்களாம். அக்கா கேட்கவில்லை. அவளிடம் போனில் சம்மதம் வாங்கிக்கொண்டு, மேலிடத்தில் அனுமதியும் வாங்கிக் கிளம்பிவிட்டார். தனியாக அனுப்ப மனசில்லாமல் அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னையும் துணைக்கு ஏற்றிவிட்டார்.

நாள் கணக்கில் ரயில், பிறகு ஜீப், அதற்கு மேல் நடை. மூங்கில் வீட்டு வாசலில் அந்தப் பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைவிடத் தெம்பாக இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு ஒன்றுமில்லை, இவ்வளவு தூரம் வீணாக வந்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அக்கா அவள் இரத்தத்தைத் தடவிச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டை வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“வந்து பாரு கண்ணு.”

கண்ணை வைத்தேன். வெளிறிய வட்டங்களுக்கு நடுவே, இங்கொன்றும் அங்கொன்றுமாக, கல் வைத்த மோதிரம் போல ஊதா வளையங்கள். வெளியே அவள் யாரிடமோ சிரித்துப் பேசுவது காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பையும் இந்த வளையங்களையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

“இத்தனை மருந்துக்கும் தப்பிச்சு நிக்குது பாரு” என்றார் அக்கா. அவர் குரலில் கோபம் இல்லை. கோயிலில் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். “நான் மாத்திரை சரியா முழுங்கினேன், டாக்டரம்மா” என்று மில்லில் பழகிய தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அக்கா அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “நீ சரியாத்தான் முழுங்குனே அம்மணி. மருந்துதான் தோத்துப்போச்சு. நீ தோக்கலே.”

வேறு மருந்து கொடுத்து, இரத்தம் சுத்தமாகும் வரை அங்கேயே தங்கினோம். ஊருக்கு வந்த பிறகு ஏதாவது கொசு கடித்துப் புதிதாகத் தொற்றியிருக்கலாம் அல்லவா? அதையும் அக்கா விடவில்லை. மருந்து தொடங்கிய அன்று எடுத்துவைத்த இரத்தத்தையும் இதையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டிலும் இருந்தது ஒரே கிருமி. மருந்து தோற்றது உறுதியாயிற்று. இப்படிப் பல இடங்களிலிருந்து வந்த முடிவுகளை வைத்து, பிற்பாடு அந்தப் பகுதிக்கே மருந்தை மாற்றினார்கள். அதில் தன் பங்கைப் பற்றி அக்கா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

கணையப் புற்றுநோய் வந்தபோதும் அக்கா கலங்கவில்லை. இனிச் சிகிச்சை பலிக்காது என்பதைச் சொல்ல மருத்துவர் தயங்கினார். “சொல்லிப்போடுங்க டாக்டர், நான் ஊட்டுக்குப் போறேன்” என்று அக்காவே எடுத்துக்கொடுத்தார். கடைசி வாரங்களில் மாமாவும் அவர்கள் மகள் பாப்பாவும் பக்கத்தில் இருக்க, சிங்காநல்லூர் வீட்டில், வலியிருந்தும் முகம் சுளிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர்களுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அக்கா இருந்தால் இன்னும் சிலரைச் சேர்க்கச் சொல்லியிருப்பார். உடம்பு தேறிய பிறகும், கூலியை விட்டுவிட்டு, வாராவாரம் வந்து விரலை நீட்டியவர்கள். முன்பின் பார்த்திராத யாருக்கோ நல்ல மருந்து கிடைக்கட்டும் என்று இரத்தம் கொடுத்தவர்கள். அவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது. இந்த மலர் அவர்கள் கைக்குப் போகாது. எங்கள் குடும்பத்தின் கும்பிடு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.