பெண் அழைப்பு அன்று கொதித்த கார்

போன ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை பெண் அழைப்பும் வரவேற்பும் குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். அன்றைக்கு வழியில் நடந்ததைச் சொன்னால் யாரும் சுலபத்தில் நம்புவதில்லை. நல்லவேளையாக ஒரு போட்டோ இருக்கிறது.

என்னிடம் பழைய சின்ன கார் ஒன்று உண்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை மாறி கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. சிவப்பு என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும், வெயிலில் வெளுத்து இப்போது அது என்ன நிறம் என்று எனக்கே சொல்லத் தெரியாது. முன்பக்க கிரில் ஓரமெல்லாம் துரு. ஆனால் தங்கையைப் பரீட்சைக்கும் முதல் இன்டர்வியூவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வண்டிதான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் அழைப்புக்குப் புது கார் அனுப்புகிறோம் என்றபோது, அக்கா வண்டியில்தான் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அது மண்டபம் வரைக்கும் வந்துடுமாம்மா?" என்று கேட்டார். கிண்டல்தான், இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு முன்னாடி வந்து நிக்கும் பெரியப்பா" என்று வாயை விட்டுவிட்டேன்.

வாயை விட்ட கொஞ்ச நாளிலேயே வண்டி என் மானத்தை வாங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், ஓட ஆரம்பித்தால் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். எங்கள் தெரு முனையில் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். எந்த வண்டியைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிறவர். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா இது, ரேடியேட்டரா உப்பளமா? நீ குடிக்கறதுக்கு மட்டும் கேன் தண்ணி, இதுக்கு போர் தண்ணியா?"

வேறென்ன செய்ய? எங்கள் தெரு போர் தண்ணீரில் துணி துவைத்தாலே நுரை வராது. அதைத்தான் அந்த வண்டி வருஷக்கணக்காகக் குடித்திருக்கிறது. உள்ளே உப்புப் படிந்து பாதிக் குழாய்கள் அடைத்துப் போயிருந்தன. பாய் பழைய ரேடியேட்டரைக் கழற்றிப் புதிதைப் பொருத்தினார். வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாய்களை மாற்றினார். இன்ஜினுக்குள் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து வண்டியை ஓடவிட்டார். உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வந்து அடங்கி, ஃபேன் தானாகச் சுற்றிய பிறகுதான் மூடியைப் போட்டார். அவரும் நானும் ஏசியைப் போட்டுக்கொண்டு ஆவடி வரை போய்த் திரும்பினோம். முள் பாதிக்குக் கீழே ஒட்டி வைத்த மாதிரி நின்றது. எனக்கு அப்போதே பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பெண் அழைப்பு அன்று காலையில் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தும் வண்டியின் முகம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் துருப்பிடித்த கிரில்லோடு எப்படி மண்டப வாசலில் போய் நிற்பது? என் அத்தை, அப்பாவின் தங்கை, பூக் கட்டுவதில் கெட்டிக்காரி. "வுடுடி, ஒரு கீறல் தெரியாம நான் மறைச்சுக் குடுக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சாமந்தி, மாவிலை, நடுவில் ரோஜா என்று கிரில்லையும் பம்பரையும் மூடி ஒரு பூப்பாயே பின்னிவிட்டார். இம்மி இடம் விடவில்லை. தெருவே வந்து பார்த்தது. பாய்கூட வந்து, "செம்மயா கீதுக்கா" என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பியூட்டி பார்லரில் முழு அலங்காரத்தோடு தங்கையை ஏற்றிக்கொண்டேன். பின்சீட்டில் பக்கத்தில் அத்தை, மடியில் ஆரத்தித் தட்டு. திருவேற்காடு நெரிசலில் நுழைந்ததும் முள் மெல்ல அசைந்தது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. ஓரமாக நிறுத்தி பாய்க்கு போன் செய்தேன்.

"பதறாதக்கா. கொழாயில காத்து புட்ச்சிருக்கும். ஏசிய ஆஃப் பண்ணு, ஹீட்டர ஃபுல்லா வையி. இன்ஜின் சூடு காருக்குள்ள வந்துடும், முள்ளு எறங்கும். நான் வண்டிய எடுத்துகினு பின்னாலயே வரேன்."

சென்னையில் ஹீட்டர் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் குமிழை நான் அதுவரை திருப்பியதே இல்லை. திருப்பியதும் தூசியோடு அனல் வந்து முகத்தில் அடித்தது. ஜன்னல்களை இறக்கினோம். பட்டுப்புடவையில், பவுடரும் ஃபவுண்டேஷனுமாக உட்கார்ந்திருந்த தங்கைக்கு அத்தை ஆரத்தித் தட்டால் விசிறினார். "அழுதுடாதடி, மை கலைஞ்சிடும்" என்று அவர் சொல்லச் சொல்ல, அவளுக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும்தான் அழுகை வந்தது. நல்ல நேரத்துக்குள் பெண் மண்டபம் ஏற வேண்டும். அதற்கிடையில் பெரியப்பாவின் போன் வேறு: "எங்கம்மா இருக்கீங்க?"

நூம்பலுக்குள் வந்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இனி ஓட்டினால் இன்ஜின் போய்விடும். ஒரு கரும்பு ஜூஸ் கடை அருகே நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். கசிவு இல்லை, ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஜூஸ் கடை அம்மா, எங்கள் கோலத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தன் ஃபேனைத் தங்கை பக்கம் திருப்பி, துணியில் ஐஸ் கட்டிக் கொடுத்து, "கழுத்துல மட்டும் வைம்மா, மூஞ்சில படாம" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர் தெய்வமாகத்தான் தெரிந்தார்.

பானெட்டை மூடிவிட்டு பாய் வருகிறாரா என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை அலறினார். திரும்பினால், எங்கிருந்தோ வந்த ஒரு பசுமாடு காரின் முன்னால் சாவகாசமாக நின்று சாமந்தியை மென்றுகொண்டிருந்தது. அத்தை தட்டை ஓங்கிக்கொண்டு ஓடினார். அது ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோஜாவையும் சேர்த்து இழுத்தது. நடுவில் பெரிய ஓட்டை. ஓங்கிய தட்டை அத்தை இறக்கினார். பிறகு சட்டென்று குரல் மாறிவிட்டது. "அடியே, மகாலட்சுமியே வந்து வாங்கிக்கினாடி! மிச்சத்த வச்சுக்கக் கூடாது" என்று, பார்த்துப் பார்த்துக் கட்டியதையெல்லாம் தன் கையாலேயே பிய்த்து அதற்கு ஊட்டினார்.

இன்ஜின் கொஞ்சம் ஆறியிருந்தது. பாய் வரும்வரை காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். வருவது வரட்டும் என்று கிளம்பினேன். வேலப்பன்சாவடி வரை கண்ணை ரோட்டில் பாதியும் முள்ளில் பாதியுமாக வைத்து ஓட்டினேன். முள் இறங்கியது. ஹீட்டரை நிறுத்தினேன், ஏறவில்லை. பூந்தமல்லி நெரிசலில் பயந்துகொண்டே ஏசியைப் போட்டேன். அப்போதும் ஏறவில்லை.

"அக்கா, மாடு வந்தப்புறம்தானே சரியாச்சு?" என்றாள் தங்கை.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. புது ரேடியேட்டர் மேல் ஒரு குறையும் இல்லை. காற்று நுழைய வழியில்லாமல் அதன் முகத்தை நாங்கள்தான் பூவால் அடைத்து வைத்திருந்தோம். அத்தை, "நான் நல்லாத்தானே கட்டுனேன்" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்து தங்கையின் மை கடைசியில் கலைந்தே போனது.

நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பா மண்டப வாசலில் நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னாலேயே பாய் டூல் பையோடு வந்து இறங்கினார். கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, "காலைல நானே போட்டோ புட்ச்சேனேக்கா, எனக்கும் தோணலியே!" என்றார். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாயைக் கையோடு முதல் பந்திக்கு அழைத்துப் போனார்.

வெளுத்த பெயின்ட், துருப்பிடித்த கிரில், அதில் தொங்கும் நாலு சாமந்திக் காம்பு. அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுக்க வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். "எனக்கு இந்த மூஞ்சிதானேக்கா பழக்கம், இத ஏன் மறைச்ச?" என்று அவள் காதருகே சொன்னபோது, வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த என் அழுகை வந்தேவிட்டது.

அந்த போட்டோ இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது கொதித்து எழும்போதெல்லாம், அவர்களிடம் என்ன கோளாறு என்று தேடுவதற்கு முன், நாலு பேர் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் அவர்கள் மூச்சின் மேல் எதையாவது கட்டி வைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.