ஃப்ளோரா போட்ட ஒன்பது

திருவொற்றியூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஃப்ளோராவுக்குப் பாக்கிங் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அவளை ருசி பார்க்கும் குழுவிலும் சேர்த்தார்கள். பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். ராயபுரத்தில் தன் தெரு முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் மூக்கும் நாக்கும் மரத்துப் போயின. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். எதிரில் உட்காரும் ஹில்டாவின் முகத்தைப் பார்த்தே மார்க் போட்டாள். ஹில்டா புருவத்தைத் தூக்கினால் ஏழு, உதட்டைச் சுழித்தால் மூன்று. இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு என்று அதிகாரி ஜெயவேல் மெச்சிக்கொண்டார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் ஓம பிஸ்கட் வந்தது. யாரோ உப்பை இரண்டு தடவை கொட்டியிருந்தார்கள். ஹில்டா கடித்ததும் துப்பினாள். அதைப் பார்த்த ஃப்ளோரா, தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ‘ஒன்று’ என்று எழுதப் போனாள்.

நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. உப்பு! அதன் பின்னாலேயே ஓமம், வெண்ணெய், வறுபட்ட மாவின் வாசனை. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். ஹில்டா வைத்த மிச்சத்தையும் தின்றாள். ஒன்பது என்று எழுதினாள்.

“வாயிலயே வைக்க முடியலை. இதுக்கா ஒன்பது?” என்றார் ஜெயவேல்.

“உப்பு தெரியுது சார். மழைலேர்ந்து எனுக்கு ஒண்ணுமே தெரில. இப்போ கடலையே வாயில ஊத்துன மாதிரி கீது.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிஸ்கட்டுக்குத்தான் மார்க் கேட்டோம், உன் சந்தோஷத்துக்கு இல்லை என்றார் அவர். அவள் காய்ச்சலுக்குப் பின் போட்ட மார்க்குகளையெல்லாம் தள்ளிவிட்டு, கொஞ்ச நாள் குழுவுக்கு வரவேண்டாம் என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். கை அடுத்த பிஸ்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் கேட்டருகே மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று வாங்கித் தின்று, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பஸ் ஜன்னலில் கருவாட்டு நாற்றம் அடித்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் காலையில் தான் வைத்த மீன் குழம்பை ஒரு கரண்டி வாயில் விட்டாள். ஒரே புளிப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த கணவன் சவரிநாதனிடம் கரண்டியை நீட்டினாள்.

“இன்னாய்யா இது? இத்தையா தெனம் துன்னே?”

“ஒடம்பு சரியில்லாதவகிட்ட இன்னான்னு சொல்றது?” என்றான் அவன்.

ஃப்ளோரா சட்டியோடு கவிழ்த்துவிட்டு, புதிதாக மசாலா அரைக்க உட்கார்ந்தாள். அரைத்தது பாதி, நக்கிப் பார்த்தது மீதி.